நாலாம் தசமதானம்

தண்ணித் தாங்கிக்கு மேலே ஏறினால்தான்
போனில் ரெண்டு கோடு விழும்.
மூன்று பேரும் அங்கேயே கிடந்தோம்
வெட்டுப்புள்ளி வருது வருது என்று
ஒரு மழைக்காலம் முழுக்க.
கீழே பொகவந்தலாவை தெரியும் நாளும் உண்டு,
பனிமூட்டம் மட்டும் தெரியும் நாளே அதிகம்.

காத்திருப்பவர்களுக்குப் பேச என்ன இருக்கிறது?
பேராதனை முதலா, யாழ்ப்பாணம் முதலா,
வந்தாறுமூலை கிடைத்தால் எத்தனை பஸ் மாற வேண்டும்,
விடுதி கிடைக்காவிட்டால் என்ன செய்வது,
எத்தனை தரம்தான் இதையே சொல்வது.
டிலானிக்குத் தன் தெரிவுகள்
எழுபத்திரண்டாவது வரை மனப்பாடம்.

அதனால் சிவநேசன் உலக சாதனை சொல்வான்.
"அறுபத்தெட்டு வருசம் ஒரு ஆளுக்கு
விக்கல் நிக்கவே இல்ல."
"யாரும் தண்ணி குடுக்கலயா?"
"ஒரே ஆளுக்கு ஏழு தரம் மின்னல் அடிச்சிருக்கு.
ஏழும் தப்பிட்டான்."
டிலானி கேட்டாள்:
"எந்த டிவிசன்?"

பதினோரு நாள் தூங்காமல் இருந்தானாம்
ஒரு பள்ளிக்கூடப் பையன்.
அதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.
இரசாயனவியல் பரீட்சைக்கு முதல் ராத்திரி
மேல் லயத்தில் கரண்ட் போய்
மெழுகுதிரி மூக்கு மயிரைப் பொசுக்கியது
மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்கும்.

பிறகு எங்கள் சாதனைகளை நாங்களே பதிந்தோம்,
உயிரியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்.
ஒரே காலில் அட்டை, பதினேழு: டிலானி, எட்டாம் நம்பர் மலை.
கட்டச்சம்பலோடு ரொட்டி, ஒரே இருப்பில், பதினொன்று: சிவநேசன்.
ஹட்டன் வரைக்கும் பஸ் மிதிபலகையில்
புத்தகப் பையோடும் அடுத்தவர் கோழியோடும்: நான்.
ரெண்டு வருசத்தில் மாறிப்போன பௌதிகவியல் டீச்சர்மார், ஐந்து.
(அதில் ஒருவர் வரவே இல்லை.
எண்ணலாமா கூடாதா என்று சண்டை பிடித்து
எண்ணினோம்.)
ஒவ்வொன்றுக்கும் கீழே
சாட்சி: மற்ற ரெண்டு பேர், கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை, அந்தி நேரம், வந்தது.
நுவரெலியா மாவட்டம்.
சிவநேசன் எங்கேயோ மேலே.
நான் உள்ளே,
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் பூச்சியம் எட்டு.
டிலானி வெளியே,
பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம் மூன்று ஒன்று.

காற்று மட்டும் தாங்கியின் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
"சொல்லு சிவநேசா" என்றாள்,
"உலகத்துலயே ஆகச் சின்னது எது?"
விக்கலும் மின்னலும் தெரிந்தவன்
போனைப் பார்த்தபடி இருந்தான்.

அவளே கணக்குப் போட்டாள்.
"அம்மாவுக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தாத்தான் பேரு.
என் புள்ளிய அந்தத் தராசுல வச்சா
எத்தன கிராம் கொறையும்?"
நான் அழுத்தினேன். நாற்பத்தாறு கிராம்.
"சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறானுங்க,
அது கண்ணுக்கே தெரியாது.
இது ரெண்டு பிடி கொழுந்து.
இதுக்கு அரைப்பேராவது போட்டிருக்கலாம்."

நான் சந்தோசப்பட வேண்டிய முகத்தை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

கொப்பியை எடுத்தாள். எழுதினாள்:
ஆகக் குறைந்த தூரத்தில் தவறவிட்டது.
பேர், தோட்டம், திகதி.
சாட்சி என்ற இடத்தில்
என் பேனை எழுதவில்லை.
மழை ஈரம் என்றேன்.
சிவநேசன் வாங்கி ஒரு உதறு உதறினான்,
அவனுக்கு எழுதியது.

இறங்கும் வழியில் வழுக்கு.
ரெண்டாம் தரம் எழுதுவதைப் பற்றி
அவளும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
கொழுந்து மடுவத்தில் விளக்கெரியத் தொடங்கியபோது
திடீரென்று நின்று கேட்டாள்:
"அந்த விக்கல்காரன்
கல்யாணம் கட்டுனானா?"
"ரெண்டு தரம்" என்றான் சிவநேசன்.
"எட்டுப் புள்ள."

"அப்ப சரி" என்று
முன்னால் நடந்தாள்.